செவ்வாய்க்கிழமைகளைப் பற்றிய ஒரு திருத்தம்

பெல்மார்க்
ஏப்ரல் 20, 2011

மதிப்பிற்குரிய மெர்வின் டீட்ஸ் அவர்களுக்கு,

என் பெயர் டார்லா ஓக்லி. பிப்ரவரி பதினொன்றாம் தேதி, நெடுஞ்சாலையில் டயர் பஞ்சரான ஒரு குடும்பத்துக்கு உதவிக்கொண்டிருந்தபோது, பனியில் வழுக்கி வந்த லாரி மோதி இறந்த துணை ஷெரீஃப் ராய்ஸ் ஓக்லியின் மனைவி. போன வாரம் சட்டமன்றத்தில் அவருக்காக நிறைவேற்றிய அஞ்சலித் தீர்மானத்தின் முத்திரையிட்ட பிரதி நேற்று தபாலில் வந்தது. கடைசிப் பக்கத்தின் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், "வரைவு: எம். டீட்ஸ்" என்று இருந்தது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன்.

அன்றைக்கு நாங்கள் சபையின் பின்பக்கக் கம்பியை ஒட்டி நின்றோம். உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து நிற்க, வாசிப்பவர் வாசித்தார். நாலு பக்கமும் ஒரே வாக்கியம். "இந்தக் கவுண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதாலும், பத்தொன்பது வயதில் பந்தயத்துக்காக வெள்ளம் பெருகிய பிளம் ஆற்றை நீந்திக் கடந்தவர் என்பதாலும், இருபத்திரண்டு ஆண்டுகள் மக்களைக் காத்தவர் என்பதாலும்" என்று போய்க்கொண்டே இருந்தது. ஆற்று விஷயம் நான் சொன்னது. எங்கள் உறுப்பினரின் உதவியாளர் போன் செய்து, "இளமைக் காலத்துல ஏதாவது விசேஷமா உண்டா?" என்று கேட்டபோது அதைத்தான் சொன்னேன். என்னை மயக்கியதே அந்த ஆறுதான்.

பின்னால் வந்த ஒன்று நான் சொன்னது இல்லை. "செவ்வாய்க்கிழமை மாலைதோறும் நூலகத்தில் சிறு குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார் என்பதாலும்."

என் நாத்தனார் வெர்னா என் கையைக் கிள்ளினாள். "ஏன்டி, இத எங்ககிட்ட சொல்லவே இல்லியே?" என்றாள். "எனக்கே இப்பத்தான்டி தெரியும்" என்றேன்.

உங்களிடம் சொல்கிறேன். இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் அவர் இன்னொருவருக்குச் சித்தப்பா பிள்ளையாக இருப்பார். ஒன்றரை வருஷமாக ராய்ஸ் செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் தாமதமாக வருவார். கேட்டால் "கூடுதல் டியூட்டி" என்பார். ஷெரீஃப் அலுவலகத்தில் சும்மா விசாரிப்பதுபோல் விசாரித்தேன். அப்படி ஒரு டியூட்டி கிடையாது. வரும்போது குளித்துவிட்டு வந்தவரின் வாசனை. எங்கள் வீட்டு சோப்பு அல்ல. ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? அவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்த பெண்களின் முகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இவளா, அவளா என்று. என்னைப்போல் அசிங்கமாகத் துக்கம் காத்தவள் இருக்க மாட்டாள்.

அந்த ஒரு வரியில் என் மனப்பாரம் எல்லாம் இறங்கிப் போயிற்று. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அதை உங்களுக்கு யார் சொன்னார்கள்? அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டும்.

டார்லா ஓக்லி

*

தீர்மானங்கள் வரைவுப் பிரிவு
ஏப்ரல் 27, 2011

அன்புள்ள திருமதி ஓக்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் இழப்புக்கு இப்பிரிவின் ஆழ்ந்த அனுதாபங்கள்.

அஞ்சலித் தீர்மானங்களுக்கான விவரங்கள் பல இடங்களிலிருந்து வருபவை. தாங்கள் குறிப்பிட்ட விவரத்தை இன்னார்தான் தந்தார் என்று உடனே சொல்ல இயலவில்லை. கோப்புகளைப் பார்த்து எழுதுகிறேன்.

மரியாதையுடன்,
எம். டீட்ஸ்

*

பெல்மார்க்
மே 4, 2011

அன்புள்ள மிஸ்டர் டீட்ஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்தால் பல் டாக்டரிடமிருந்து வந்த ஞாபகச் சீட்டு மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. ராய்ஸைப் பற்றி அவ்வளவு அழகாக எழுதியவர் நீங்கள், உங்களை மன்னித்துவிட்டேன்.

நானே நூலகத்துக்குப் போனேன், நேற்று, செவ்வாய்க்கிழமையன்றே. பீச் பழ கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெண் புதிது. "நான் ஜனவரியிலதான் சேர்ந்தேன் மேடம். முன்னாடி இருந்தவங்ககிட்ட விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள். கேக்கை அவளே வைத்துக்கொண்டாள். அடுத்த மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் ராய்ஸின் இடத்தில் நான் உட்கார்ந்து குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்று. ஷெரீஃப் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து அவர் பெயரில் ஒரு கல் பெஞ்சு செய்யப்போகிறார்கள். அதை எங்கே போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். நூலக வாசலில் என்றேன். உங்கள் வரியைத்தான் அதில் செதுக்கப்போகிறோம். கல் கொத்துகிறவர் இருபதாம் தேதி செதுக்குகிறார். நம்முடைய 'பெல்மார்க் செய்தி' வாரப் பத்திரிகையிலும் இந்த வாரம் தீர்மானத்தை ஒரு எழுத்து விடாமல் போட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வருத்தம் பாக்கி. கடைசிச் செவ்வாய்க்கிழமை, இறப்பதற்கு மூன்று நாள் முன்னால், வாசலில் நின்று, "டார்லா, ஒண்ணு சொல்லணும்" என்றார். முகத்தில் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "சாப்பாடு அடுப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஏதோ ஒரு குழந்தை முழுப் புத்தகத்தையும் வாசித்துவிட்டது என்று சொல்ல வந்திருப்பார், பாவம்.

யார் சொன்னார்கள் என்று பார்த்தீர்களா?

டார்லா

*

வீட்டிலிருந்து
மே 7, 2011

அன்புள்ள திருமதி ஓக்லி,

இதை வீட்டிலிருந்து கையால் எழுதுகிறேன். அலுவலகக் கடிதங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் இருக்க வேண்டியது.

யாரும் சொல்லவில்லை. அது என் தவறு.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சாக்காக அல்ல, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால். கூட்டத்தொடரின் கடைசி வாரங்களில் ஒரு நாளைக்கு நாற்பது தீர்மானம் வரும். பேஸ்பால் ஜெயித்த பள்ளிக்கூடம், நூறு வயதைத் தொட்ட அம்மாள், பணியில் இறந்த போலீஸ்காரர், எல்லாம் ஒரே மேஜைக்குத்தான். புதிதாக யாரும் எழுதுவதில்லை. பழைய தீர்மானம் ஒன்றைத் திறந்து, பெயரையும் ஊரையும் தேதியையும் மாற்றி, மேலேயே எழுதிக்கொண்டு போவோம். உங்கள் கணவருடையதை, மூன்று வருஷத்துக்கு முன் வேறு கவுண்டியில் இறந்த ஒரு சார்ஜென்ட்டின் தீர்மானத்தின் மேல் எழுதினேன். நூலகத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த ஒரு வரியை அழிக்க மறந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் இப்படி நேர்ந்ததில்லை என்று எழுதத்தான் ஆசை. கண்டுபிடிக்கப்பட்டதில்லை என்பதுதான் சரி.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே கோப்பைப் பார்த்தேன். அன்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பல் டாக்டர் சீட்டை எழுதினேன். விட்டுவிடலாம், யாருக்கு நஷ்டம், ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று நினைத்தேன். பெஞ்சு என்று எழுதினீர்கள். கல்லில் என் தவறைச் செதுக்கி, அதன்மேல் நீங்கள் உட்காருவீர்கள். அதற்கு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கிடைத்ததை நானே பிடுங்குகிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

மெர்வின் டீட்ஸ்

*

பெல்மார்க்
மே 11, 2011

மிஸ்டர் டீட்ஸ்,

நூலகத்தில் குளிக்க இடம் கிடையாது. எனக்கு அது தெரியாதா? முதல் நாளே தெரியும். தெரிந்தும் நம்பினேன். அரசாங்க முத்திரை குத்தி, நூற்று அறுபது பேர் எழுந்து நின்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வேன்?

என் வீட்டுக்காரர் உங்களுக்குப் பழைய துணியில் வெட்டித் தைத்த சட்டை. அது போகட்டும். நான் சந்தேகப்பட்டுக்கொண்டாவது இருந்தேன், அதற்காவது பழகியிருந்தேன். இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. வெர்னாவிடம் என்ன சொல்வேன்? செதுக்குகிறவரிடம் என்ன சொல்வேன்? ஊரே படித்துவிட்டது. நேற்று கடையில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரனுக்கும் அவருதான் படிக்கச் சொல்லிக்குடுத்திருப்பாரு" என்று அழுகிறாள். நானும் சேர்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

பதில் எழுத வேண்டாம்.

டி. ஓக்லி

*

வீட்டிலிருந்து
மே 14, 2011

திருமதி ஓக்லி,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரே விஷயத்துக்காக எழுதுகிறேன், அதற்கு நாள் குறித்திருக்கிறது.

நிறைவேறிய தீர்மானத்தைத் திருத்த வேண்டுமானால், அதே கூட்டத்தொடர் முடிவதற்குள் மறுபடி சபையில் வாசித்து ஏற்க வேண்டும். இந்தத் தொடர் மே 27-ஆம் தேதி முடிகிறது. அதன் பிறகு அது சபைப் பதிவேட்டில் உள்ளபடியே என்றென்றைக்கும் இருக்கும். எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அந்த வரியை எடுத்துவிடுகிறேன். எப்படி நுழைந்தது என்று யார் கேட்டாலும் நான் செய்தது என்று சொல்வேன். இருக்கட்டும் என்றாலும் அதுவும் உங்கள் விருப்பம்.

மற்ற வரிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டேன். பிறந்த தேதி, பணிக்காலம், தேவாலயம் எல்லாம் சரி. ஆற்றை மட்டும் சரிபார்க்க முடியவில்லை. அதற்கு நீங்கள்தான் சாட்சி.

மெர்வின் டீட்ஸ்

*

பெல்மார்க்
மே 19, 2011

மிஸ்டர் டீட்ஸ், மிஸ்டர் டீட்ஸ்,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முந்தாநாள், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியது ஒரு பெண், அறுபது வயது, தோள் இரண்டும் மல்யுத்தக்காரர் மாதிரி, கழுத்தில் விசில். கையில் 'பெல்மார்க் செய்தி'. இவள்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்புறம் விசிலைப் பார்த்துக் குழம்பிவிட்டேன்.

"ராய்ஸ் வீட்டம்மாவா?" என்றாள்.

"ஆமா. நீங்க?"

"ஓபல் டக்கட். ரஸ்கின் ஊர் நீச்சல் குளம் என் பொறுப்பு. இந்தப் பேப்பர் முட்டை சுத்திக்கிட்டு வந்துச்சும்மா, இல்லன்னா எனக்கு இந்த ஊர்ப் பேப்பர் எங்க கெடைக்குது? இதுல ரெண்டு தப்பு போட்டிருக்கான். எனக்குத் தப்பா எழுதுனா பொறுக்காது, அதான் நேர்லயே வந்துட்டேன்."

"என்ன தப்பு?" என்றேன்.

"செவ்வாக்கெழம அவரு நூலகத்துலயும் இல்ல, ஒண்ணுலயும் இல்ல. என் குளத்துல இருந்தாரு. ஆழம் கம்மியான பக்கம், ஆறு வயசுப் பிள்ளைங்களோட."

"நீச்சல் சொல்லிக்குடுத்தாரா?"

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் எங்கள் நாய் எழுந்து உள்ளே போய்விட்டது. "சொல்லிக்குடுக்கிறதா! கத்துக்கிட்டாரும்மா! மொதல் மாசம் தண்ணில மூஞ்சியே வைக்க மாட்டேன்னுட்டாரு. துப்பாக்கி வச்சிருக்கிற ஆம்பள, பக்கத்துல ஒரு பொடிசு 'பயப்படாதீங்க மாமா'ங்குது. ரெண்டாவது தப்பும் அதேதான். வெள்ளத்துல ஆத்த நீந்துனாராமே? அந்த மனுஷன் குளிக்கிற தொட்டியக்கூட நீந்தினது கெடையாது."

மிஸ்டர் டீட்ஸ், நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்துமூன்று வருஷம் ஏரிக்குப் போயிருக்கிறோம். ஒரு நாளும் இறங்க மாட்டார். "தண்ணி ஜில்லுன்னு இருக்கு" என்பார். ஜூலை மாதத்தில்! இருபத்துமூன்று வருஷமும் நான் அதை நம்பினேன்.

ஓபல் மீதியையும் சொன்னாள். ரெண்டு வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் ஒரு கார் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா என்று கேட்டாள். இல்லாமலா? ராய்ஸ் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீயணைப்புக்காரர் ஒருவர் குதித்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றினார். ஊரில் இருவரையும்தான் பாராட்டினார்கள். ராய்ஸ் அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். அடுத்த மாதமே ரஸ்கினுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். நம்ம ஊர்க் குளத்தில் சேர்ந்தால் எனக்குத் தெரிந்துவிடுமாம்.

"வீட்ல சொல்லிட்டா என்னன்னு நானும் கேட்டேன்" என்றாள் ஓபல். "'ஓபல், அந்த ஆத்துக் கதைய நம்பித்தான் அவ என்னக் கட்டிக்கிட்டா. கோடையில அவள ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயி, நீந்திக் காட்டிட்டு அப்புறமா உண்மையச் சொல்லிக்கிறேன்'னாரு. பிப்ரவரி எட்டாம் தேதி, தரையில கால் ஊனாம குளத்த முழுசா ஒரு தரம் கடந்துட்டாரும்மா. நான் விசில் ஊதுனேன். பிள்ளைங்க எல்லாம் கை தட்டுச்சுங்க."

பிப்ரவரி எட்டு. செவ்வாய்க்கிழமை. வாசலில் நின்று, "டார்லா, ஒண்ணு சொல்லணும்" என்றார் பாருங்கள், அன்றைக்கு.

சரி, அதற்காக அழுதாயிற்று. ஆனால் மிஸ்டர் டீட்ஸ், அந்தச் சோப்பு! குளத்துக்காரர்கள் வைத்திருக்கிற சோப்பு! ஓபலை இழுத்து மோந்து பார்த்தேன், அதே வாசனை. அந்த அம்மாள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நேற்று முழுக்கச் சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன். வெர்னாவிடம் சொன்னேன். அவள், "அடப்பாவி, சின்ன வயசுல மழைக்குட்டையக்கூடச் சுத்திக்கிட்டுப் போவான், எனக்குத் தெரியும்டி" என்கிறாள். "ஏன்டி இத்தன வருஷம் சொல்லல?" என்றால், "நீ கேட்டியா?" என்கிறாள். என்ன குடும்பம் பாருங்கள்.

இப்போது வேலை. நூலகத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் செவ்வாய்க்கிழமை என்ன நடந்ததோ அதைப் போடுங்கள். வெட்கப்பட வேண்டியது எதுவும் அதில் இல்லை. ஆற்றை மட்டும் எடுக்காதீர்கள். அந்தப் பொய் எனக்காகச் சொன்னது. அதை எப்படி எழுதுவது என்பது உங்கள் பாடு, எழுதத் தெரிந்தவர் நீங்கள். செதுக்குகிறவரை நிறுத்திவிட்டேன்.

உங்கள் மேல் இருந்த கோபம் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்திருந்தால் ஓபல் வண்டியை எடுத்திருக்க மாட்டாள். அதற்காக மறுபடி செய்யாதீர்கள்.

டார்லா

*

தலைநகர்
மே 26, 2011

அன்புள்ள டார்லா,

இன்று காலை பதினொன்றேகாலுக்கு வாசித்து ஏற்றார்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மூன்று நாள் எனக்குத் திண்டாட்டம். பொய் என்று தெரிந்த ஒன்றை என் கையால் சபைப் பதிவேட்டில் வைக்க முடியாது. ஆற்றை எடுக்கவும் கூடாது என்கிறீர்கள். என் மனைவி, "ஒரு வரிக்கு இத்தன அலப்பறையா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். கடைசியில் பழைய தீர்மானம் எதையும் திறக்காமல், வெறும் தாளை வைத்து முதல் வரியிலிருந்து எழுதினேன். இப்படி எழுதி இருபது வருஷம் இருக்கும். உங்கள் உறுப்பினர் படித்துவிட்டு, "இத வாசிக்கலாமா மெர்வின்?" என்றார். "ஒவ்வொரு சொல்லுக்கும் சாட்சி இருக்கு மேடம்" என்றேன்.

வாசித்தது இதுதான்:

"பத்தொன்பது வயதில் வெள்ளத்தில் பிளம் ஆற்றை நீந்திக் கடந்ததாகத் தாம் மணக்க விரும்பிய பெண்ணிடம் சொன்னவர் என்பதாலும், அதை மெய்யாக்கும் பொருட்டும், இனியொரு முறை கரையில் நிற்க நேராதிருக்கும் பொருட்டும், நாற்பத்தாறாம் வயதில், செவ்வாய்க்கிழமை மாலைதோறும், ஆறு வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து நீச்சல் கற்றுக்கொண்டவர் என்பதாலும், தாம் இறப்பதற்கு மூன்று நாள் முன்னர் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காலூன்றாமல் சென்று சேர்ந்தவர் என்பதாலும்..."

வாசிப்பவர் முதல் வரியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் அதற்குள் பரவிவிட்டது. கடைசி வரியில் சத்தமே இல்லை. அஞ்சலித் தீர்மானத்துக்கு எழுந்து நிற்பார்கள், கை தட்டுவது வழக்கமில்லை. இன்று தட்டினார்கள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். என் வேலையை நான் நின்று கேட்பது கிடையாது.

அந்த சார்ஜென்ட்டின் மனைவிக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் கணவரின் வரியைக் கேட்காமல் கடன் கொடுத்துவிட்டேன், திரும்ப வந்துவிட்டது என்று.

முத்திரையிட்ட பிரதி தனியே வருகிறது.

மெர்வின்

*

பெல்மார்க்
ஜூன் 8, 2011

அன்புள்ள மெர்வின்,

பிரதி வந்தது. அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த பழையதை எடுத்துப் போட்டுவிட்டு, இதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

கல் பெஞ்சு ரஸ்கின் குளத்தங்கரைக்குப் போகிறது, ஆழம் கம்மியான பக்கம். அம்மாக்கள் துண்டை வைத்துக்கொண்டு உட்கார இடமில்லையாம், ஓபல் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பெயரும் "குளத்தைக் கடந்தார்" என்பதும் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். நூலகத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேனே, அதனால் போகிறேன். நேற்று ஒரு பிள்ளை என்னைத் திருத்தினான், நான் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு வாசித்தேனாம்.

இன்னொன்று மறந்துவிட்டேன். அன்றைக்குக் கிளம்பும்போது ஓபல் வண்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். குளத்தை ஒரு தரம் கடக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். பச்சை ஆமை படம், கீழே ஓபலின் கையெழுத்து, நடுவில் பெரிய எழுத்தில் "ராய்ஸ்". வீட்டுக்கு எடுத்துப் போனால் மாட்டிக்கொள்வேன் என்று சொல்லி, கோடை வரைக்கும் அவள் மேஜை இழுப்பறையிலேயே வைத்திருக்கச் சொன்னாராம்.

அதையும் சட்டம் போட்டு உங்கள் தீர்மானத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். தங்க முத்திரையும் சிவப்பு ரிப்பனும் உங்களுடையதில்தான் இருக்கிறது, மெர்வின். கோபித்துக்கொள்ளாதீர்கள், வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஆமையைத்தான் படிக்கிறார்கள்.

டார்லா